ஒரு கம்ப்யூட்டர், மூன்று ஒலி வழிகள்: எந்த வால்யூமை எங்கே வைப்பது

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து சத்தம் மூன்று வழியாக வெளியே போகிறது. பின்பக்கப் பச்சை ஜாக்கில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், முன்பக்க ஜாக்கில் ஹெட்போன், ஹெச்டிஎம்ஐ வயரில் சுவரில் மாட்டிய டிவி. பகலில் ஸ்பீக்கர், பிள்ளைகள் தூங்கியபின் ஹெட்போன், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தால் டிவி. இப்படி மாற்றி மாற்றி வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இரண்டு தொல்லை பழக்கம். டிவியில் போட்டுக் காட்டிவிட்டு ஹெட்போனை மாட்டினால் கெட்டிமேளம் காதைப் பிளக்கும். அல்லது நேற்று சரியாக இருந்த சத்தம் இன்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். திரையின் ஓரத்தில் இருக்கும் ஸ்லைடர் இரண்டு நாளும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

காரணம் எளிது. திரையில் தெரிவது ஒரு ஸ்லைடர். எடிட்டரிலிருந்து காது வரைக்கும் வால்யூம் குறைவதற்கு நாலைந்து இடம் இருக்கிறது. அவற்றில் எது செயலியோடு போகிறது, எது ஜாக்கோடு நிற்கிறது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் மேலே சொன்ன இரண்டு தொல்லையும் தீர்ந்துவிடும்.

நான் வைத்திருப்பது உபுண்டு. அதனால் லினக்ஸில் எப்படி என்பதைத்தான் விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ்காரர்களுக்கு வேண்டியது கடைசியில் இருக்கிறது.

சிப்புக்குள் என்ன இருக்கிறது

மதர்போர்டில் உள்ள ஒலிச் சிப் பெரும்பாலும் இன்டெல் 2004-இல் கொண்டுவந்த ஹெச்டி ஆடியோ முறையில் இயங்குவது. சிப்புக்குள் சின்னச் சின்னப் பகுதிகள் இருக்கும். எண்களைச் சத்தமாக மாற்றும் டிஏசி ஒன்று, கலக்கும் மிக்சர் ஒன்று, ஜாக்கில் போய் முடியும் 'பின்' (pin) என்ற முனை ஒன்று. கம்ப்யூட்டர் கிளம்பும்போது டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், ஒவ்வொரு பகுதியிடமும் கேட்கிறது: உன்னிடம் வால்யூம் இருக்கிறதா, எத்தனை படி, ஒரு படி எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு), 0 டெசிபல் எந்தப் படியில்? ரியல்டெக்கின் பல சிப்களில் 87 படி இருக்கும், ஒரு படிக்கு 0.75 டெசிபல். அதாவது அடியில் −65.25, உச்சியில் 0. உச்சிக்கு மேலே ஒன்றும் இல்லை. இந்த வால்யூம் கூட்டுவதற்கு இல்லை, குறைப்பதற்கு மட்டும்தான்.

எந்த ஜாக் எந்த டிஏசியோடு சேரவேண்டும் என்பதையும் டிரைவர்தான் முடிவு செய்கிறது. பின்பக்கப் பச்சை லைன் அவுட், முன்பக்கம் ஹெட்போன் என்று ஒவ்வொரு பின்னுக்கும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். அதைப் படித்து, முடிந்தவரை ஆளுக்கு ஒரு டிஏசி கிடைக்கும்படி டிரைவர் பிரித்துக் கொடுக்கும். தனி டிஏசி கிடைத்த ஜாக்குக்குத் தனி வால்யூம். இரண்டு ஜாக்குக்கு ஒரே டிஏசி என்றால் ஒன்றைக் குறைக்கும்போது இன்னொன்றும் சேர்ந்து குறையும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரியல்டெக்கின் சில லேப்டாப் சிப்களில் மூன்றாவது டிஏசிக்கு வால்யூமே கிடையாது. டிரைவர் விவரம் தெரியாமல் ஒரு ஸ்பீக்கரை அதில் கோத்துவிட்டால், ஸ்லைடரை எவ்வளவு இறக்கினாலும் அந்த ஸ்பீக்கர் மட்டும் முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டே இருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இதற்கென்றே, அந்த டிஏசியை ஒதுக்கி ஸ்பீக்கரை முதல் டிஏசியில் கோக்கும் திருத்தங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் லேப்டாப்பில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் முதலில் கர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள். ஸ்பீக்கர் பழுது என்று கழற்றுவதெல்லாம் அப்புறம்.

அல்சாமிக்சரைத் திறந்து பாருங்கள்

லினக்ஸில் சிப்போடு நேராகப் பேசுவது அல்சா. 2.6 கர்னல் காலத்திலிருந்து, அதாவது 2003 கடைசியிலிருந்து, இதுதான் முதன்மை. அதன் கட்டுப்பாடுகளைப் பார்க்க டெர்மினலைத் திறந்து அல்சாமிக்சர் (alsamixer) என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில், ஒரே சொல்லாகத் தட்டுங்கள்.

ஒரே ஒரு பட்டை, அதன் கீழே மாஸ்டர் என்று தெரிந்தால் நீங்கள் பார்ப்பது சிப்பை அல்ல. அதன் மேலே உட்கார்ந்து செயலிகளின் சத்தத்தைக் கலந்து அனுப்பும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருளின் முகத்தை. எஃப்6 விசையை அழுத்துங்கள். பட்டியலில் இன்டெல் அல்லது ஏஎம்டி பெயரில் ஒரு ஹெச்டி ஆடியோ கார்டு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் பட்டைகள் வரிசையாக வந்து நிற்கும்: மாஸ்டர், ஹெட்போன், பிசிஎம், ஃபிரண்ட், சரவுண்ட், சென்டர், எல்எஃப்இ. லேப்டாப்பாக இருந்தால் ஃபிரண்டுக்குப் பதில் ஸ்பீக்கர் என்று இருக்கும். வலது இடது அம்புக்குறியால் நகரலாம், மேல் கீழ் அம்புக்குறியால் ஏற்றி இறக்கலாம். பட்டையின் அடியில் இரண்டு எம் தெரிந்தால் அது மியூட்டில் இருக்கிறது. எம் விசையைத் தட்டினால் திறந்துகொள்ளும். நீங்கள் நிற்கும் பட்டை எத்தனை டெசிபலில் இருக்கிறது என்பது திரையின் மேல்பகுதியில் எழுதியிருக்கும். அதைப் பார்த்து வேலை செய்யுங்கள், பட்டைக்குக் கீழே இருக்கும் சதவீதத்தை நம்பாதீர்கள்.

ஏன் என்றால் சதவீதம் ஆளுக்கு ஆள் மாறும். 87 படி உள்ள சிப்பில் அல்சாமிக்சர் 50 என்று காட்டினால் அது ஏறக்குறைய −16 டெசிபல். அதே குடும்பத்து அமிக்சர் கட்டளையில் 50 சதவீதம் என்று கொடுத்தால் அது படிகளைப் பாதியாக எண்ணிக்கொண்டு −32 பக்கம் கொண்டுபோய் வைக்கும். காதுக்கு ஏற்ற அளவில் வைக்கச் சொல்ல அமிக்சருக்குக் கழித்தல் குறியும் பெரிய எழுத்து எம்மும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

இந்தப் பட்டைகளில் மாஸ்டரைப் பற்றித் தெரிந்துகொள்வது முக்கியம். பெரும்பாலான ஹெச்டி ஆடியோ சிப்களில் மாஸ்டர் என்று தனியாக ஒரு பாகமே கிடையாது. டிரைவர் கற்பனையாக உண்டாக்கியது அது. மாஸ்டரை −10-இலும் ஹெட்போனை −5-இலும் வைத்தால், ஹெட்போன் டிஏசியில் −15 என்று டிரைவர் எழுதுகிறது. ஃபிரண்ட் 0-வில் இருந்தால் அதற்கு −10. ஆக மாஸ்டர் எல்லா ஜாக்கையும் சேர்த்து இறக்கும், மற்றவை அந்தந்த ஜாக்கை மட்டும்.

ஸ்லைடரை இழுத்தால் நடப்பது

இனி ஒரு சோதனை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் அல்சாமிக்சரில் நிஜக் கார்டைத் திறந்து வைத்து, இன்னொரு பக்கம் டெஸ்க்டாப் ஸ்லைடரை மெதுவாக இழுங்கள். மாஸ்டர் பட்டை தானாக ஏறி இறங்கும். ஹெட்போன் பட்டையும் பிசிஎம்மும் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பல்ஸ்ஆடியோ கணக்குப் போடும் விதம் இது. 2021-இல் ஃபெடோரா 34 என்ற இன்னொரு லினக்ஸிலும், அடுத்த ஆண்டு உபுண்டு 22.10-இலும் அதன் இடத்துக்கு வந்த பைப்வயரும் அதே நிரலைத்தான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் மொத்தம் −20 டெசிபல் வேண்டும் என்கிறீர்கள். வரிசையில் முதலில் நிற்பது மாஸ்டர். அதன் படிகளில் −20 சரியாக இல்லை, −19.5 இருக்கிறது, −20.25 இருக்கிறது. அது மேலே உள்ள −19.5-ஐ எடுத்துக்கொள்கிறது. மீதி அரை டெசிபலை அடுத்த ஹெட்போன் பட்டையிடம் கொடுத்தால் அதாலும் அரையைக் குறைக்க முடியாது, 0-வில் நின்றுவிடுகிறது. கடைசியில் மிச்சமுள்ள −0.5-ஐ மென்பொருளே எண்களைப் பெருக்கிச் சரிக்கட்டுகிறது. ஆக நீங்கள் கேட்ட −20 அப்படியே கிடைத்துவிடுகிறது.

அதனால்தான் அல்சாமிக்சரில் ஹெட்போன் பட்டையை மட்டும் கையால் இறக்கி வைத்து, "இனி ஹெட்போன் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்" என்று நினைப்பது வேலைக்கு ஆகாது. அடுத்த முறை ஸ்லைடரைத் தொட்டதும் மென்பொருள் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, ஹெட்போனை உச்சிக்கு ஏற்றிவிட்டு மாஸ்டரைக் குறைத்துவிடும். அல்சாமிக்சரை நான் இரண்டுக்குத்தான் திறப்பேன். எது மியூட்டில் கிடக்கிறது என்று பார்க்க, ஆட்டோ மியூட்டை மாற்ற. அன்றாட வால்யூமை அதில் வைப்பதில்லை.

ஆட்டோ மியூட் என்பது அதே வரிசையில் வலது ஓரத்தில் இருக்கும் ஒரு தேர்வு. ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கரை ஊமையாக்குவது அதுதான். ஜாக்கில் ஏதோ செருகியதைச் சிப் உணர்ந்து டிரைவருக்குச் சொல்கிறது, டிரைவர் மற்ற பின்னை அடைக்கிறது. இதை அணைத்துவிட்டால் ஹெட்போனும் ஸ்பீக்கரும் சேர்ந்து பாடும். ஆனால் பைப்வயரின் கணக்கில் ஒரு கார்டின் அனலாக் ஜாக்குகளில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். அதனால் ஒரே கார்டில் ஸ்பீக்கருக்கு ஒரு வால்யூம், ஹெட்போனுக்கு வேறு வால்யூம், இரண்டும் ஒரே நேரத்தில் என்று கேட்டால் அதோடு ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பதில் சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கி ஹெட்போனை அதில் போட்டுவிடுங்கள். அது தனிக் கார்டு, தனி வால்யூம், வம்பே இல்லை.

ஜாக்கோடு நிற்பது, செயலியோடு போவது

கெட்டிமேளம் காதைப் பிளப்பது இங்கேதான். பாவுகன்ட்ரோல் (pavucontrol) என்ற நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். உபுண்டுவில் அதே பெயரில் கிடைக்கும், பைப்வயரோடும் ஒத்துப்போகும். அதில் பிளேபேக் என்று ஒரு தாவல், அவுட்புட் டிவைசஸ் என்று ஒரு தாவல்.

அவுட்புட் டிவைசஸில் இருப்பது சாதனத்தின் வால்யூம். ஹெட்போன் ஜாக்குக்கு ஒன்று, லைன் அவுட்டுக்கு ஒன்று என்று போர்ட்டுக்குப் போர்ட் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். ஹெட்போனுக்கு 40, ஸ்பீக்கருக்கு 80 என்று ஒரு தடவை வைத்துவிட்டால், மாற்றி மாற்றிச் செருகினாலும் அதது அதன் அளவுக்கு வந்துவிடும்.

பிளேபேக்கில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் வால்யூம். இது எந்தச் சாதனத்துக்கும் சொந்தம் இல்லை. டிவியில் சத்தம் போதவில்லை என்று கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரின் பட்டையை இங்கே ஏற்றினால், அந்த ஏற்றம் கேடென்லைவோடு ஒட்டிக்கொள்ளும். டிவியிலிருந்து ஹெட்போனுக்கு மாறும்போது ஹெட்போனின் 40 அப்படியே இருக்கும். அதன் மேல் இந்த ஏற்றமும் சேர்ந்துவிடும். கிணற்றுச் சத்தம் இதன் மறுபக்கம்: என்றோ ஹெட்போனில் உறுத்தியது என்று செயலியை இறக்கியிருப்பீர்கள், அது ஸ்பீக்கர் வரைக்கும் பின்னாலேயே வந்திருக்கும்.

இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்பதும் கணக்குத்தான். இந்த ஸ்லைடர்களில் 100 என்றால் 0 டெசிபல், 75 என்றால் −7.5, 50 என்றால் −18, 25 என்றால் −36. செயலி 50, சாதனம் 50 என்று வைத்தால் −18-உம் −18-உம் கூடி −36. அதாவது சாதனத்தை மட்டும் 25-இல் வைத்ததற்குச் சமம். 100-க்கு மேல் 153 வரை இழுக்கவும் பாவுகன்ட்ரோல் இடம் கொடுக்கும், அது +11 டெசிபல். ஏற்கெனவே உச்சத்தில் பதிவான நாதஸ்வரத்தை இதற்கு மேல் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். மெல்லிய குரல் பதிவைக் கேட்டுப் பார்க்க மட்டும் 100-ஐத் தாண்டுவேன்.

ஆகவே செய்யவேண்டியது: பிளேபேக்கில் எல்லாச் செயலியையும் 100-இல் வைத்துவிட்டு அந்தத் தாவலை மறந்துவிடுங்கள். கூட்டுவது குறைப்பது எல்லாம் சாதனத்தில். விஎல்சியின் வால்யூம் ஸ்லைடர் இந்தச் செயலி வால்யூமேதான், வேறு ஒன்று இல்லை. அங்கே 60 வைத்தால் பிளேபேக் தாவலிலும் 60 ஆகும். யூடியூப் போன்றவற்றின் ஸ்லைடர் பெரும்பாலும் அப்படி இல்லை. அது பிரவுசருக்கு உள்ளேயே குறைத்துக்கொண்டு அனுப்பும், பாவுகன்ட்ரோலில் தெரியாது. எங்கே தேடியும் சத்தம் ஏறவில்லை என்றால் அந்த வீடியோவின் கீழே இருக்கும் சின்னக் கோட்டைப் பாருங்கள்.

பழைய பல்ஸ்ஆடியோவில் ஃபிளாட் வால்யூம் என்று இன்னொரு ஏற்பாடு இருந்தது. ஒரு செயலி தன்னை 100-க்கு ஏற்றினால் சாதனமும் அதோடு 100-க்குப் போய்விடும். டெபியனும் உபுண்டுவும் அதை அணைத்தே கொடுத்தன. பைப்வயரில் அது கிடையாது. நல்லதாகப் போயிற்று.

டிவிக்கும் புளூடூத்துக்கும் வேறு கணக்கு

ஹெச்டிஎம்ஐக்குச் சிப்பில் வால்யூமே இல்லை. அல்சாமிக்சரில் பார்த்தால் எஸ்பிடிஃப் என்ற பெயரில் மியூட் பெட்டி மட்டும் இருக்கும், பட்டை இருக்காது. எண்களை எண்களாகவே டிவிக்கு அனுப்புகிற வழி அது, டிஏசி டிவிக்குள் இருக்கிறது. எனவே ஸ்லைடரைக் குறைத்தால் முழுக்க மென்பொருள்தான் எண்களைச் சின்னதாக்குகிறது. ஏறக்குறைய 6 டெசிபலுக்கு ஒரு பிட் நுணுக்கம் போகும். 16 பிட்டில் அனுப்பும்போது ஸ்லைடர் 25-இல் இருந்தால் −36, ஆறு பிட் வீண், பத்துதான் டிவிக்குப் போய்ச் சேரும். அதையே டிவி திரும்பப் பெரிதாக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். கம்ப்யூட்டரில் டிவியின் சாதன வால்யூமை 100-இல் விட்டுவிட்டு ரிமோட்டால் கூட்டிக் குறையுங்கள். வந்தவர் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டால் அவரே பார்த்துக்கொள்வார், அது இன்னும் வசதி.

ஸ்பீக்கருக்கும் ஏறக்குறைய இதே வழி. பின்னால் குமிழ் உள்ள ஸ்பீக்கர் என்றால் கம்ப்யூட்டரில் 80, 90 என்று வைத்துவிட்டு, அறைக்குப் போதுமான சத்தம் வரும்வரை குமிழைத் திருப்பி அங்கேயே விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரில் 20, குமிழ் முழுவதும் என்று வைத்தால் பாட்டுக்கு நடுவே உஸ்ஸென்ற ஓசைதான் கேட்கும்.

புளூடூத் ஹெட்செட் பல, கம்ப்யூட்டரின் ஸ்லைடர் அளவை 0 முதல் 127 வரையிலான எண்ணாக வாங்கித் தன் வால்யூமாகவே வைத்துக்கொள்ளும். அந்த வசதி இல்லாதவற்றில் கம்ப்யூட்டரில் ஒரு வால்யூம், ஹெட்செட்டின் பொத்தானில் இன்னொன்று என்று இரண்டு ஆகிவிடும். அப்போது பொத்தானை உச்சியில் வைத்துக் கம்ப்யூட்டரில் குறைப்பதுதான் சுலபம். கால் வந்தால் ஹெட்செட் வேறு முறைக்கு மாறும், அங்கே 0 முதல் 15 வரைதான். திடீரென்று சத்தம் தாவினால் அதிர வேண்டாம்.

டிவியும் ஸ்பீக்கரும் சேர்ந்து வேண்டும் என்றால்

இரண்டிலும் ஒரே நேரத்தில் கேட்க, இரண்டையும் சேர்த்து ஒரு பொய்ச் சாதனம் உண்டாக்கவேண்டும். பேபிரெஃப்ஸ் (paprefs) என்ற நிரலில் எல்லாக் கார்டுக்கும் சேர்த்து ஒரே வெளியீடு என்று ஒரு டிக் இருக்கும். போட்டதும் அவுட்புட் பட்டியலில் புதிதாக ஒரு சாதனம் வரும். இதற்கும் ஒரு ஸ்லைடர் உண்டு, அதன் கீழே டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் அவரவர் ஸ்லைடர் அப்படியே இருக்கும். முதலில் கீழே உள்ளவற்றை ஒன்றுக்கொன்று சரியாகச் சமன் செய்யுங்கள். அப்புறம் மேலே உள்ளதை மட்டும் தொடுங்கள்.

டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொண்டு, சத்தத்தையும் அதற்கேற்பத் தாமதமாகத்தான் விடும். ஸ்பீக்கர் முந்திக்கொள்ளும், தவில் இரட்டை அடியாகக் கேட்கும். பாவுகன்ட்ரோலின் அவுட்புட் டிவைசஸில், சாதனத்தின் அட்வான்ஸ்டு பகுதியில் லேட்டன்சி ஆஃப்செட் என்று மில்லிசெகண்டில் ஓர் எண் இருக்கும். கைதட்டல் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இரண்டு தட்டும் ஒன்றாகும்வரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். டிவியில் கேம் மோட் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், பாதி வேலை குறைந்துவிடும்.

விண்டோஸில்

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இதே இரண்டு அடுக்குதான்: சாதனத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று. டிரைவர் தன்னிடம் வால்யூம் இருக்கிறது என்று சொன்னால் விண்டோஸ் சிப்பில் குறைக்கும், இல்லாவிட்டால் மென்பொருளில். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, எந்தச் செயலி எந்தச் சாதனத்தில் பேசவேண்டும் என்று செட்டிங்ஸிலேயே பிரித்துக் கொடுக்கலாம். எடிட்டரை ஸ்பீக்கருக்கும் பிரவுசரை ஹெட்போனுக்கும் அனுப்ப இதுவே போதும். செயலிகளை மிக்சரில் 100-இல் விட்டுவிடுவது இங்கேயும் பொருந்தும்.

கூடுதலாக ஒன்று மட்டும். பழைய கன்ட்ரோல் பேனலின் சவுண்ட் பெட்டியில் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு தாவல் இருக்கிறது. கால் வருவதாக விண்டோஸ் நினைத்துவிட்டால் மற்ற எல்லாச் சத்தத்தையும் 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே முதலிலிருந்தே போட்டிருப்பார்கள். வாடிக்கையாளரோடு கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டே அவருடைய வீடியோவை ஓடவிட்டால் நாதஸ்வரம் அடங்கிப்போவது இதனால்தான். எதுவும் செய்ய வேண்டாம் என்ற கடைசித் தேர்வைப் போட்டு ஓகே கொடுங்கள்.